தந்தியின் இரண்டாவது வரி

திருவிதாங்கூரும் கொச்சியும் ஒரே மாநிலமாக இருந்த காலம். நாகர்கோவிலிலிருந்து ஒரு பத்திரிகைக்குச் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தேன். கார்த்திகையில் ஒரு நாள் காலை புயல் எச்சரிக்கைத் தந்தியைப் பார்த்ததும் பேருந்து பிடித்துத் தேங்காய்ப்பட்டணம் போனேன். அக்காவின் கணவர் அங்கே வள்ளம் வைத்திருந்தார். கொல்லத்தில் ஒரு மளிகைக் கடையில் ஒன்பது வருடம் எடுபிடி ஆளாக நின்று, இனி யாருக்கும் கைகட்டி நிற்பதில்லை என்று ஊர் திரும்பி வாங்கியது. பலகைகளைக் கயிற்றால் தைத்துச் செய்த வள்ளம். ஆற்றில் தேங்காயும், கயிறு திரிக்கிற தேங்காய்த் தொண்டும் ஏற்றும். அந்த வீட்டுக்கு வேறு பிழைப்பு இல்லை.

ஐப்பசி மழை பொய்த்திருந்தது. ஆறு மெலிந்து, கடலோடு சேரும் இடத்தை மணல்மேடு அடைத்திருந்தது. அதற்கு இந்தப் பக்கம் தண்ணீர் குளம்போலக் கிடந்தது. மச்சானும் அவரோடு வள்ளத்துக்குக் கழி ஊன்றும் கூட்டாளியும் கரையில் நின்றார்கள்.

"தந்தியில என்ன போட்டிருக்கு மக்கா?" என்று கேட்டார் மச்சான்.

"விடியதுக்குள்ள பலத்த காத்து அடிக்கும்னு."

"வேற?"

"அவ்வளவுதான்."

தந்தியில் இரண்டு வரிகள் இருந்தன. மலைப்பகுதியில் கனமழை பெய்யலாம் என்றது இரண்டாவது. செய்தி முதல் வரியில் இருக்கும், இடம் போதாவிட்டால் கடைசியிலிருந்து வெட்டு என்பது தொழிலில் நான் கற்றது. மறைக்க நினைக்கவில்லை. அந்த வரி அப்போது நினைவில் இல்லை.

காற்றுக்கு வள்ளத்தைக் காப்பாற்ற அங்கே இரண்டு வழிகள். பத்து ஆள் பிடித்துத் தென்னந்தோப்புக்குள் ஏற்றிக் கட்டலாம். அல்லது மணல் மூட்டை ஏற்றி, ஆழமில்லாத தண்ணீரில் முக்கிவிடலாம். பெருக்கில் முங்கிக் கிடக்கும் வள்ளம் நொறுங்கிவிடும்; ஆறு பெருகும் என்று தெரிந்தால் யாரும் முக்கமாட்டார்கள்.

"தோப்புல ஏத்துவமா? சந்தைப் பக்கம் ஆள் கிடைக்கும்" என்றார் மச்சான்.

"தென்னை முறிஞ்சு நடுமுதுகுல விழவா?" என்றார் கூட்டாளி. "முக்கிப் போடும். காத்து என்ன முங்கியா தேடப் போவுது?" பிறகு என்னைப் பார்த்தார். "நீரும் ஒரு கை பிடியும். பேனாவைவிடச் சாக்கு கொஞ்சம் கனக்கும்."

கூரைப் பாயையும் கழிகளையும் இறக்கினோம். பதினேழு சாக்குகளில் மணல் நிறைத்தோம். தையல் கயிறு நசுங்காமலிருக்க ஒவ்வொரு மூட்டையின் அடியிலும் மச்சான் ஓலை விரித்தார். பிறகு அடிப்பலகைத் துளையின் அடைப்பைப் பிடுங்கினார். வள்ளம் பின்பக்கமாகத் தாழ்ந்து, மூக்கு மட்டும் வெளியே நின்றது. அதில் இரண்டு வடங்கள் கட்டி இரண்டு தென்னைகளில் பிணைத்தார்.

அக்கா வந்து பார்த்தாள். "உசிரோட குழியில இறக்குனது மாரி இருக்கு."

"ஏட்டி, வாய வச்சிட்டுச் சும்மா இரி" என்றார் மச்சான்.

புயல் வேறெங்கோ கரையேறியது. விடியும்வரை ஓர் ஓலைகூட விழவில்லை. நாங்கள் ஆற்றுக்குப் போனபோது தண்ணீர் செம்மண் நிறத்தில் ஏறிக்கொண்டிருந்தது. மலையில் இரவெல்லாம் பெய்திருக்கிறது. வள்ளத்தின் மூக்கு தெரியவில்லை. மச்சானும் கூட்டாளியும் முங்கி முங்கி நான்கு மூட்டைகளை வெளியே எடுத்தார்கள். ஐந்தாவதற்கு மச்சான் இறங்கப் போனபோது மணல்மேடு உடைந்தது. தேங்கிய தண்ணீர் முழுவதும் ஒரே இழுப்பில் கடலுக்குப் போனது. ஒரு வடம் அறுந்தது. மற்றதை இழுத்தபோது அதன் நுனியில் மூக்குப் பலகை மட்டும் வந்தது, தையல் துளைகளோடு.

மச்சான் வடத்தைச் சுருட்டிக்கொண்டே கேட்டார்.

"மழையப் பத்தி ஒண்ணும் போடலியா மக்கா?"

இதற்குள் அந்த வரி எனக்கு நினைவு வந்திருந்தது.

"இல்ல மச்சான்."

"அவனுவளுக்கு என்னத்தத் தெரியும்" என்றார்.

தை மாதம் அவர் கொல்லத்துக்கு, அதே கடைக்குத் திரும்பினார். வழியனுப்ப நான்தான் போனேன். பேருந்தின் மேலே அவருடைய டிரங்குப் பெட்டியை ஏற்றிக் கட்டினேன். முடிச்சு சரியாக இல்லை என்று அவர் ஏறி வந்து அவிழ்த்து, மறுபடி கட்டினார்.