பெரியப்பா பெயரும் ஒரு சாய்வுக் கோடும்

போன வாரம் எங்கள் குடும்பத்தில் ஒரு கல்யாணமே கலைந்துபோகப் பார்த்தது. வரதட்சணையா? ஜாதகமா? அதெல்லாம் இல்லை. ஒரு சாய்வுக் கோடு!

என் அக்கா மகள் செண்பகம் பாளையங்கோட்டையில் கம்ப்யூட்டர் கோர்ஸ் படிக்கிறாள். தன் கல்யாணப் பத்திரிகையைத் தானே வெப் பேஜாகப் போட்டாள். வெளிநாட்டுச் சொந்தங்கள் பார்க்க வேண்டாமா? மேலே, அழைப்பவர் என்று அவளுடைய அம்பாசமுத்திரம் பெரியப்பா பெயர். நடுவில் பெரிய எழுத்தில் மணமக்கள். கீழே மற்ற உறவுக்காரர்கள் வரிசையாக...

பேஜைப் பார்த்துவிட்டு பெரியப்பா மகன் சிங்கப்பூரிலிருந்து அவருக்கு போன் போட்டிருக்கிறான். "எப்பா, ஊர்ல உள்ள பொடிப்பயலுவ பேரெல்லாம் தேங்கா சைஸ்ல இருக்கு. ஒங்க பேரு மட்டும் கடுகு மாதிரி கெடக்கு!"

அவ்வளவுதான். கல்யாணத்துக்கே வரமாட்டேன் என்று சொல்லிவிட்டார் மனுஷர். அக்கா அழுதே விட்டாள். செண்பகத்துக்கு அப்பா இல்லை. தாரை வார்த்துக் கொடுக்க வேண்டியவரே அவர்தான்.

என்னதான் நடந்தது? செண்பகம் விளக்கினாள். வெப் பேஜில் எழுத்தைப் பெரிதாக்க, டேக் என்று அடைப்புக்குறிக்குள் ஒரு வார்த்தையைப் போட்டுத் திறக்க வேண்டுமாம். வேலை முடிந்ததும் இன்னொரு டேக் போட்டு மூட வேண்டும். மூடுகிற டேக்கில் சாய்வுக் கோடு வார்த்தைக்கு முன்னால் வர வேண்டும். வரியை உடைப்பது, படம் வைப்பது போன்ற சிலவற்றுக்கு மட்டும் தனி மூடி கிடையாது. புதிதாக வந்திருக்கும் முறைப்படி, வார்த்தைக்குப் பின்னால் கோட்டைப் போட்டால் போதும் — அது தன்னைத் தானே மூடிக்கொள்ளும். இவள் அதே கைப்பழக்கத்தில் மணமக்கள் பெயரை மூடுகிற டேக்கிலும் கோட்டைப் பின்னால் போட்டுவிட்டாள். கம்ப்யூட்டர் அதை மதிக்கவே இல்லை. மணமக்களுக்குப் போட்ட பெரிய எழுத்து கடைசி வரை ஓடிவிட்டது!

"விடுளா, அவர் கோவமும் அந்தத் தானா மூடிக்கிடுத டேக் மாதிரிதான். பைய தானா அடங்கிரும்" என்றேன்.

"உள்ள ஒண்ணுமில்லாத டேக்தான் தானா மூடிக்கிடும் மாமா. இதுக்குள்ள பெரியப்பால்லா இருக்காவ?" என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. சரிதானே? உள்ளே ஆள் இருக்கிற கோபம் எப்போதாவது தானாக மூடிக்கொண்டிருக்கிறதா? யாராவது போய்த்தான் மூட வேண்டியிருக்கிறது — அதுவும் பெரும்பாலும் திறந்தவரேதான்.

மறுநாளே இருவரும் பஸ் ஏறினோம்.

எங்களைக் கண்டதும் பெரியப்பா பேப்பரால் முகத்தை மறைத்துக்கொண்டார். "கம்ப்யூட்டர்லயே என்னைய ஒதுக்கியாச்சு. பெறவு எதுக்கு வந்திய?"

செண்பகம் அந்தப் பேப்பரின் ஓரத்திலேயே எழுதிக் காட்டினாள். "கோடு இங்கன இருக்கணும் பெரியப்பா. நான் அங்கன போட்டுட்டேன். தப்பு எம்மேலதான்..." அதற்குள் குரல் உடைந்துவிட்டது.

பேப்பர் இறங்கியது. "இதுக்குப் போயி அழுவாவளா? கோட்டிக்காரி!"

உள்ளேயிருந்து காபி வந்தது. குடித்துக்கொண்டே பெரியப்பா யோசித்தார்.

"கோட்டைச் சரியாப் போட்டா அவனுவ பேரெல்லாம் சின்னதாயிருமா?"

"ஆயிரும்."

"எம் பேரு?"

"அது இப்ப இருக்காப்லயேதான்..."

"அப்போ எனக்கு மட்டும் அந்தக் கோட்டைத் தப்பாப் போடேன்ளா!"

இப்போது மணமக்களுக்குச் சமமாகப் பெரியப்பாவும் பெரிய எழுத்தில் ஜம்மென்று நிற்கிறார் — ஒழுங்காக மூடிய டேக்கோடுதான். தாரை வார்க்கப் பட்டு வேட்டிகூட எடுத்தாகிவிட்டது.

கீழ் வரிசையில் இப்போது பெயர் சின்னதாகிப்போன திசையன்விளை சித்தப்பாவுக்கு வெளிநாட்டில் மகன் யாரும் கிடையாது. அந்த மட்டுக்கும் தப்பித்தோம்!