நீர்மூழ்கிக்குப் பூக்கட்டிப் பார்த்தோம்

நம் கடற்படைக்கு டீசலில் ஓடும் நீர்மூழ்கி கட்ட ஜெர்மன்காரன் டிசைனா, ஸ்பெயின்காரன் டிசைனா என்று டெல்லியில் வருஷக்கணக்காகப் பேசினார்கள். கடைசியில் ஜெர்மன்காரனோடு பேச்சு நடப்பதாகப் பேப்பரில் வந்தது. அதற்கு முன்பே இந்தக் கேள்வி ஸ்ரீரங்கத்தில் எங்கள் பூஜை அறைக்கு வந்துபோன சங்கதி டெல்லிக்குத் தெரியாது.

கொண்டுவந்தவர் என் மாப்பிள்ளை. அரியமங்கலத்தில் லேத் பட்டறை வைத்து வால்வு செய்கிறவர். கப்பல் வேலை எடுக்கும் ஒரு பெரிய கம்பெனி, எந்த நாட்டு டிசைன் வருகிறதோ அதற்குத் தயாராக இருக்கும் பட்டறைக்குத்தான் ஆர்டர் என்று சொல்லிவிட்டது. ஒவ்வொரு நாட்டுக்கும் வேறு அளவு, வேறு சோதனை. இரண்டுக்கும் தயாராக அவரிடம் தெம்பில்லை. இன்னொரு பக்கம் மஸ்கட்டிலிருந்து ஒரு வேலை கூப்பிட்டுக்கொண்டிருந்தது. பட்டறையைப் பூட்டிவிட்டுப் போய்விடுவாரோ என்று என் மகள் சரியாகச் சாப்பிடவே இல்லை.

"பெருமாள்கிட்ட கேட்டுடலாம் மாப்பிள்ளை."

"அவருக்கு நீர்மூழ்கியப் பத்தி என்ன மாமா தெரியும்?"

"என்ன இப்படிக் கேட்டுட்டீங்க! மீனா அவதாரம் எடுத்தவரு. பாற்கடல்ல படுத்தவரு இன்னும் மூச்சு வாங்க மேல வரல. இந்த ஜெர்மன்காரன் என்னமோ சில வாரம் உள்ளயே இருப்பேன்னு பீத்திக்கிறான்!"

நந்தியாவட்டை வந்தால் ஜெர்மனி, செவ்வரளி வந்தால் ஸ்பெயின். இரண்டையும் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டிப் படத்துக்கு முன்னால் வைக்கும்படி மனைவியிடம் கொடுத்தேன்.

விளக்கேற்றிக் கும்பிட்டேன். நாட்டுப் பாதுகாப்பில் தொடங்கிய வேண்டுதல் மகளிடம் வந்து நின்றது. கண்ணீர் வந்துவிட்டது.

மாப்பிள்ளை ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். உள்ளே துளசி.

"இது எந்த நாடு மாமா?"

பதறிப்போய் மற்றதைப் பிரித்தேன். அதிலும் துளசி.

"பெருமாளுக்குப் போயி அரளி வைப்பாங்களா? நம்ம வீட்டுல வழக்கமே இல்லையே," என்றாள் மனைவி. "அதை எடுத்துட்டுத் துளசி வெச்சேன். அப்புறம் இன்னொண்ணு மட்டும் என்ன பாவம் பண்ணுச்சுன்னு அதுலயும் வெச்சேன்."

"டெல்லியே தேவல அத்தை," என்று மாப்பிள்ளை தலையில் கைவைத்தார்.

அப்போதுதான் மகள் வாயைத் திறந்தாள். "அதான் சொல்லிட்டாரே. துளசி வீட்டோட இருக்கிற செடி. மஸ்கட் வேண்டாங்கிறாரு."

"நாம கேட்டது நீர்மூழ்கியப் பத்தி!" என்றார் மாப்பிள்ளை.

"எது முக்கியமோ அதுக்குத்தாங்க அவரு பதில் சொல்வாரு."

மாப்பிள்ளை என்னைப் பார்த்தார். நான் கண்ணை இறுக மூடிக் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். திறந்தால் சிரித்துவிடுவேன்.

வெகுநேரம் அவர் அந்தத் துளசியைக் கையிலேயே வைத்திருந்தார். சாயங்காலம் மஸ்கட்டுக்குப் போன் போட்டு, வரவில்லை என்றார். அந்தப் பக்கம் காரணம் கேட்டார்கள் போலிருக்கிறது.

"வீட்டுல பெரியவரு ஒருத்தர் வேண்டாம்னுட்டாருங்க," என்றார்.

அது நானில்லை.