பாவு நூலில் கட்டிய பல்

எங்கள் வீட்டில் பல் போவதைப் பற்றி யாரும் கவலைப்பட்டதே இல்லை. தலை நரைப்பது போல அது பாட்டுக்கு நடக்கிற காரியம் என்றே இருந்தார்கள். அப்பாவின் கல்யாணப் போட்டோவில் இருக்கிற சிரிப்பு என் காதுகுத்துப் போட்டோவில் இல்லை. அதற்குள் முன்பல் எல்லாம் ஆடி விழுந்து, பல்செட் கட்டியாயிற்று. அத்தைக்கும் அதே கதைதான். "நம்ம வம்சத்துக்குப் பல்லு நிக்காதுங்க" என்று வீட்டுக்கு வரும் ஒறம்பரைச் சொந்தங்களிடம் அப்பா சொல்லும்போது அதில் கொஞ்சம் பெருமைகூட இருக்கும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஊரில் அவனவன் பிள்ளைகளுக்குத் தோப்பு எழுதி வைக்கிறான், எங்களுக்குப் பொக்கை வாயா?

இருபத்திரண்டு வயதில் எனக்கும் வந்து சேர்ந்தது. கல்லூரி முடித்துவிட்டு, பல்லடம் பக்கம் எங்கள் தறிக் குடோனில் அப்பாவுக்கு ஒத்தாசையாக இருந்தேன். தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு நூல் அறுந்தால் முடிச்சுப் போட்டு, மிச்சம் நிற்கும் நுனியைப் பல்லால் நறுக்கென்று கடித்துத் துப்புவது என் வழக்கம். கத்தரி பக்கத்திலேயே தொங்கும். ஆனாலும் பல்தான் கைக்கு முன்னால் போகும். ஒரு நாள் அப்படிக் கடித்து இழுத்தபோது மேல் முன்பல் ஒன்று நூலோடு சேர்ந்து முன்னால் வந்து, திரும்பப் போய் உட்கார்ந்தது. நாக்கால் தொட்டுப் பார்த்தேன், ஆடியது. அய்யோ என்று நான் கத்தியது தறிச் சத்தத்தில் பக்கத்தில் நின்ற அப்பாவுக்கே கேட்கவில்லை.

இத்தனைக்கும் வலி என்று ஒன்று இருந்ததில்லை. பல் பார்க்க வெள்ளை வெளேரென்றுதான் இருந்தது. துலக்கும்போது ரத்தம் வரும். பிரஷ் குத்துகிறது போல என்று அந்த இடத்தை மட்டும் தொடாமல் விட்டுவிடுவேன். மகா புத்திசாலி!

அடுத்த வாரம் சித்தப்பா மகனுக்குக் கல்யாணம். அவனுக்குக் கூடப் பிறந்தவள் இல்லை என்பதால் இணைச்சீர் நான்தான் செய்ய வேண்டும். மாப்பிள்ளையின் சகோதரியைப் பட்டுச் சேலையில் ஜோடித்து, அவனோடு சேர்த்து உட்கார வைத்துச் செய்கிற எங்கள் பக்கத்துச் சீர் அது. அந்த நேரத்தில் மண்டபத்தில் உள்ள அத்தனை கண்ணும் அவள் மேல்தான் இருக்கும்.

"மேடையில பல்லு உழுந்துருச்சுன்னா என்னங்கப்பா பண்றது?" என்று அழாத குறையாகக் கேட்டேன்.

அப்பா என் தாடையைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தார். "கெரகம், உனக்கும் வந்துருச்சா" என்றார். பிறகு, "வெசனப்படாத கண்ணு. ஒரு வாரந்தான? நான் கட்டிப்போடறேன்" என்றார்.

கட்டியும் போட்டார். பாவிலிருந்து ஒரு நூலை உருவி, ஆடுகிற பல்லை இரண்டு பக்கத்துப் பல்லோடும் சேர்த்துச் சுற்றி, தறியில் போடுகிற அதே முடிச்சைப் போட்டார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, என் வாய்க்குள்ளேயே குடியிருப்பவர் போலக் குனிந்திருந்தார். நூலில் ஏற்றியிருந்த கஞ்சி நாக்கில் புளித்தது. வாயைத் திறந்தபடியே அவரைத் திட்டினேன். என்ன திட்டினேன் என்று அவருக்குப் புரியாதது நல்லதாயிற்று.

இணைச்சீர் ஜாம்ஜாமென்று நடந்தது. பல் அசையவில்லை. எல்லாப் போட்டோவிலும் நான் சிரித்துக்கொண்டுதான் இருக்கிறேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் தங்கச்சிதான் காதுக்குள், "ஏக்கா, உன்ற வாயிலயும் காடாத்துணி நெய்யறாங்களா?" என்று கேட்டுக் கேட்டுச் சிரிப்பு மூட்டினாள்.

கல்யாணம் முடிந்த கையோடு ஈறு வீங்கிச் சீழ் வைத்துவிட்டது. அப்பா சாதாரணமாக, "புடுங்கிப் போட்டுப் புதுசு கட்டிக்கலாம் அம்மணி. எனக்கென்ன, நல்லாத்தான திங்கறேன்?" என்றார்.

"நீங்க கொய்யாக்கா கடிச்சுத் தின்னு எத்தன வருசமாச்சுங்கப்பா?" என்று கேட்டேன். கோபத்தில் வாய் தவறி வந்துவிட்டது. அப்பா வண்டிச் சாவியை எடுத்தார். கோயமுத்தூரில் ஈறுக்கென்றே தனியாகப் படித்த ஒரு டாக்டரிடம் போனோம்.

டாக்டரம்மாவுக்கு என்னைவிட நாலைந்து வயது கூட இருந்தால் அதிகம். என் வாய்க்குள் விளக்கை அடித்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"ஏனுங்க, இது என்ன நூலுங்க?"

"பாவு நூலுங்க. நாப்பதாம் நம்பரு" என்றார் அப்பா, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு.

டாக்டரம்மா சிரித்த சிரிப்பில் முகக்கவசம் மூக்கைவிட்டு இறங்கிவிட்டது. சிரித்து முடித்துவிட்டு, "கட்டோணும்னு நெனச்சது தப்பில்லீங்க, நாங்களும் கட்டுவோம். ஆனா பஞ்சு நூலு எச்சிய உறிஞ்சிக்கும். கிருமிக்கு ஊடு கட்டிக் குடுத்த மாதிரி ஆயிப்போச்சுங்க" என்று அதை வெட்டி எடுத்தார். அப்பாவின் முகம் சுண்டிப்போனது.

எக்ஸ்ரே எடுத்தார்கள். முன்பற்களையும், கடைவாயில் முதலில் முளைக்கிற பெரிய பற்களையும் சுற்றி எலும்பு கரைந்து பள்ளமாக இருந்தது. நூல் கடித்ததால் வந்ததா என்று அப்பா கேட்டார். இல்லையாம். ஈறுக்கு அடியில், காற்றுப் படாத சந்தில் சில கிருமிகள் குடியேறுகின்றன. பெரும்பாலோர் உடம்பு அவற்றைச் சமாளித்துவிடும். சில குடும்பங்களில் உடம்பு அந்தக் கிருமிகளோடு போடும் சண்டையில் எலும்புதான் அடிபடுகிறது. அதுவும் சின்ன வயதிலேயே, வெளியே அழுக்கோ வலியோ பெரிதாகக் காட்டாமல். அதில் முக்கியமான ஒரு கிருமியின் பெயரையும் சொன்னார். கூட்ஸ் வண்டி மாதிரி அது போய்க்கொண்டே இருந்தது.

"நம்ம வம்சத்துக்கே அப்பிடித்தானுங்க" என்று அப்பா வழக்கம்போல ஆரம்பித்தார்.

"வம்சத்துல வரலாமுங்க. வந்தா பல்லு போயே தீரோணும்னு இல்லீங்க" என்றார் டாக்டரம்மா.

எனக்கு அவரைக் கட்டிப்பிடித்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது. "அப்ப என்ற பல்லு நிக்குமுங்களா?" என்று கேட்டேன்.

"மத்ததெல்லாம் நிறுத்திப்போடலாமுங்க. இந்த ஒண்ணு மட்டும் சந்தேகந்தான். முயற்சி பண்ணிப் பாப்போம்."

மரத்துப்போக ஊசி போட்டு, ஈறுக்கு அடியில் வேர் வரைக்கும் சுரண்டிச் சுத்தம் செய்தார். சில கிருமிகள் ஈறுச் சதைக்குள்ளேயே ஒளிந்துகொள்ளுமாம், சுரண்டலுக்கு அகப்படாதாம். அதற்காக இரண்டு வகை மாத்திரை. அதைத் தின்ற நாளெல்லாம் அம்மாவின் அரிசிம்பருப்புச் சாதம்கூட இரும்புச் சட்டியை நக்கியது போலத்தான் இருந்தது. ஆடுகிற பல்லை மெல்லிய கம்பியால் கட்டினார். பிறகு ஒரு நாள் ஈறைத் திறந்து பள்ளங்களைச் சுத்தம் செய்து தையல் போட்டார். அப்பா ஒவ்வொரு தடவையும் கூடவே வந்து, கம்பி முடிச்சை எட்டிப் பார்ப்பார். "நல்லாத்தான் கட்டியிருக்கறாங்க. ஆனா என்ற முடிச்சுதான் சின்னது" என்று என்னிடம் கிசுகிசுப்பார்.

கூடப் பிறந்தவர்களையும் பார்த்தாக வேண்டும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். "எனக்கு ஒரு பல்லுங்கூட ஆடல, உங்க சோலியப் பாருங்க" என்று துள்ளிய தங்கச்சியைக் கல்லூரி லீவில் இழுத்துக்கொண்டு போனோம். கடைவாய்ப் பல் இரண்டில் அவளுக்கும் ஆரம்பித்திருந்தது. அத்தனை நாள் என்னைக் கிண்டல் பண்ணியவள் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"பயப்படாதீங்க அம்மணி, நல்ல நேரத்துல வந்துட்டீங்க. உங்களுக்கு அத்தனை பல்லும் நிக்கும்" என்றார் டாக்டரம்மா.

கதவோரம் நின்றிருந்த அப்பா, நாங்கள் கிளம்புகிற நேரத்தில், "ஏனுங்க டாக்டரம்மா, எனக்கு அன்னைக்கே யாராச்சும் இப்பிடிப் பாத்திருந்தா?" என்று கேட்டார்.

டாக்டரம்மா மறைக்கவில்லை. "பாதிக்கு மேலயே நின்னிருக்குமுங்க."

"செரீங்க" என்றார் அப்பா. கொய்யாக்காய் என்று சொல்லிக் காட்டினேனே என்று வழியெல்லாம் என்னையே நொந்துகொண்டேன். வீட்டுக்கு வந்ததும் முதல் காரியமாக அத்தைக்குப் போன் போட்டு, "பையனக் கூட்டிட்டு நாளைக்கு வெடியால வா, பல்லு காட்டோணும்" என்று அதட்டினார். வம்சப் பெருமையை அதற்குப் பிறகு அவர் யாரிடமும் பேசவில்லை. காலையில் நானும் தங்கச்சியும் பல் துலக்கும்போது வேப்பமரத்தடியில் நின்று, "சந்துல, சந்துல தேயி" என்று கூவுகிற வேலையைத்தான் பிடித்துக்கொண்டார். பல் சந்தில் விடுகிற குட்டி பிரஷ்ஷால் தேய்க்காமல் யாரும் தட்டில் கை வைக்க முடியாது. பெரும் தொல்லை!

சந்தேகம் என்று சொன்ன அந்தப் பல் நின்றுவிட்டது. எலும்பு கொஞ்சம் கூடியிருக்கிறது என்று கம்பியை எடுத்த அன்று டாக்டரம்மா விரலால் அழுத்திக் காட்டினார், அசையவில்லை. கொய்யா கடிக்கலாமா என்று கேட்டேன். "காய் வேண்டாமுங்க. செங்காயின்னா மெதுவாக் கடிச்சுக்குங்க."

அந்த ஞாயிற்றுக்கிழமை தறி ஓடவில்லை. குடோனுக்குப் பின்னால் இருக்கிற மரத்தில் அப்பாவே ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்து, பழுக்கத் தொடங்கியிருந்த ஒரு செங்காயைப் பறித்து, வேட்டியில் துடைத்துக் கொடுத்தார். கண்ணை மூடிக்கொண்டு முன்பல்லால் கடித்தேன். நறுக்கென்று சத்தம் வந்தது. பல் அதன் இடத்திலேயே இருந்தது.

கண்ணைத் திறந்தால் அப்பா காதை என் பக்கம் சாய்த்துக்கொண்டு நின்றிருந்தார்.

"இன்னொருக்கா கடி கண்ணு" என்றார்.