டொமினிக்காவில் எங்களுக்கு ஒருவரும் இல்லை

கரிபியன் கடலில் டொமினிக்கா என்றொரு சின்னத் தீவு. அங்கே ஒரு கிழமை போய், முதுகில் பையைப் போட்டுக்கொண்டு மலை ஏறிவிட்டு வரப்போகிறேன் என்று நான் சொன்னபோது அம்மா வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தார்.

"அங்கை ஆர் இருக்கினம்?"

"ஒருத்தரும் இல்லை."

"கலியாண வீடோ?"

"இல்லையம்மா."

"அப்ப என்னத்துக்குப் போறாய்?"

"சும்மா. பாக்க."

அம்மா கத்தியைக் கீழே வைத்தார். லண்டன் என்றால் சித்தி, பாரிஸ் என்றால் மாமா, ஜேர்மனி என்றால் பெரியப்பாவின் மக்கள். எங்கள் ஆட்களுக்கு உலகப்படம் அப்படித்தான். சொந்தக்காரர் இல்லாத ஊருக்கு விமானம் ஏன் பறக்கிறது என்பதே அம்மாவின் சந்தேகம். அன்றிலிருந்து அவர் என்னோடு சரியாகக் கதைக்கவில்லை.

அது தொண்ணூறுகளின் நடுப்பகுதி. நானும் அம்மாவும் கனடாவில், பார்க்டேல் என்ற இடத்தில், ஒரு பழைய கட்டடத்தின் எட்டாம் மாடியில் இருந்தோம். நான் ஒரு பல் வைத்தியரிடம் வரவேற்பு மேசையில் வேலை செய்தேன். அங்கே பல் துப்புரவு செய்கிறவள் என் சிநேகிதி. வட ஒன்ராறியோவில் பிறந்தவள். நடை பழகிய நாளிலிருந்து காடு மலை என்று திரிந்தவள். ஒருநாள் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் நூலகப் புத்தகமொன்றை விரித்து எனக்கு ஒரு படம் காட்டினாள். மலைக்கு மேலே ஆவி பறக்கக் கொதிக்கும் ஏரி. "வருகிறாயா?" என்று கேட்டாள். யோசிக்க முன்னமே என் வாய் "ஓம்" என்று விட்டது.

உண்மையைச் சொன்னால் ஏரி ஒரு சாட்டுத்தான். அந்த மாதம்தான் எனக்குக் கனடாக் கடவுச்சீட்டு கையில் கிடைத்திருந்தது. அதற்கு எட்டு வருடங்களுக்கு முன்னர், பத்தொன்பது வயதில், வேறொரு பெண்ணின் கடவுச்சீட்டில், அவளுடைய பிறந்தநாளைப் பாடமாக்கிக்கொண்டு, மூன்று நாடு தாண்டி வந்தவள் நான். ஒவ்வொரு குடிவரவு மேசையிலும் நான் அவளாக நின்றேன். இந்த முறை என் பெயரைச் சொல்லி, உள்ளதைச் சொல்லி, ஒரே ஒரு மேசையைக் கடக்க வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான். அதை ஒருவருக்கும் சொல்லவில்லை, அம்மாவுக்கும் சொல்லவில்லை. அம்மாவைப் பிறகு நானே ஸ்பொன்சர் பண்ணி ஒளிவு மறைவில்லாமல் எடுப்பித்தேன். அந்தப் பெருமைக்கு அடியில் நான் வந்த கதையைப் போட்டு மூடிவிட்டேன்.

சிநேகிதி பயிற்சி வேண்டும் என்றாள். வெளியே முழங்கால் வரை பனி. எனவே முதுகுப்பைக்குள் இருபது இறாத்தல் அரிசிப் பையை வைத்துக் கட்டிக்கொண்டு, எங்கள் கட்டடத்தின் படிகளில் ஏறி இறங்கத் தொடங்கினேன். முதல் நாள் நாலாம் மாடியில் மூச்சிளைத்துக் குந்திவிட்டேன். மூன்றாம் கிழமை எட்டு மாடியையும் நிற்காமல் ஏறி வந்து கதவைத் தட்டினேன். அம்மா அரிசிப் பையைப் பறித்து, அதிலேயே ஒரு பேணி அள்ளி உலையில் போட்டார். எனக்கோ கோயில் தேரை இழுத்து இருப்பிடத்தில் விட்ட மாதிரி நெஞ்சு நிமிர்ந்தது.

கட்டடத்தில் பாதிப்பேர் எங்கள் ஆட்கள். நான் தீவுக்குப் போகிற கதை அவர்களுக்குள் பரவியிருந்தது. "என்ன, லிஃப்ற் பழுதோ?" என்று கேட்டவர்கள் உண்டு. மூன்றாம் மாடி அண்ணை மட்டும் ஒன்றும் கேட்காமல் நாலு நாள் பார்த்துக்கொண்டே இருந்தார். ஐந்தாம் நாள் படியில் மறித்து, மேலும் கீழும் பார்த்து, குரலைத் தணித்தார்.

"தங்கச்சி, அந்தத் தீவாலை இப்ப ஆக்களை எடுக்கினமோ? என்ரை தம்பி இஞ்சை வாறதுக்கெண்டு ஆறு மாசமாக் கொழும்பு லொட்ஜிலை நிக்கிறான்."

எனக்கு விளங்கச் சற்று நேரம் எடுத்தது. நான் ஆள் அனுப்பும் பாதை பார்க்கப் போகிறேன் என்று மனிதர் நினைத்துவிட்டார்.

"அண்ணை, நான் மலை ஏறப் போறன்."

"ஓம், ஓம்" என்று சிரித்தார். "உதைத்தான் சொல்லவேணும். ஆர் கேட்டாலும் உப்பிடியே சொல்லுங்கோ. பிசகக் கூடாது."

எனக்குக் கோபம் எப்போதும் மூக்கு நுனியில். முதன்முதலாக ஒரு பொய்யுமில்லாமல் ஓர் இடத்துக்குப் போகிறேன், அதையும் திறமான பொய் என்று மெச்சுகிறாரே என்று வெடுக்கென்று திரும்பினேன். ஆனால் அவருடைய சட்டைப் பையில் தம்பியின் பாஸ்போட் அளவுப் படமொன்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. ஏச வாய் வரவில்லை. விசயம் கேள்விப்பட்டால் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு ஏறினேன்.

புறப்பட ஒரு கிழமை இருக்கும்போது, சனிக்கிழமை காலை, சிநேகிதி என் பையைச் சரிபார்க்க வந்தாள். அம்மா அவளுக்குத் தேத்தண்ணியும் வடையும் கொடுத்தார். மகளோடு கதையில்லாவிட்டாலும் விருந்தாளிக்குக் குறை வைக்கமாட்டார். சிநேகிதி பையைக் கட்டிலில் கவிழ்த்தாள். எனக்குத் தெரியாமல் அம்மா செருகியிருந்த மிளகாய்த்தூள், கோப்பித்தூள், இஞ்சி, ஒரு சீலை எல்லாம் வெளியே வந்தன. மூவரும் சிரித்தோம். பிறகு அவள் என் ரீசேர்ட் ஒன்றைத் தூக்கிப் பார்த்தாள். அடுத்ததையும் பார்த்தாள். பையில் கட்டச் சொல்லித் தான் தந்த பெயர் மட்டை எங்கே என்று கேட்டாள். பிறகு, லேபல் கழுத்தில் கடிக்குமா, எல்லாவற்றையும் வெட்டியிருக்கிறாயே என்றாள்.

கத்தரிக்கோல் கட்டிலில்தான் கிடந்தது. அன்று காலை தமிழ் றேடியோ கேட்டபடி, சேர்ட், காற்சட்டை, துவாய் என்று ஒன்று விடாமல் லேபல்களை வெட்டி எடுத்திருந்தேன். பெயர் மட்டையைக் கிழித்துக் குப்பையில் போட்டிருந்தேன். எனக்கே தெரியாமல் செய்திருந்தேன். அன்று என்னைக் களவாக அனுப்பிவைத்த ஏஜென்சிக்காரனின் முதலாவது கட்டளை அது: எந்த ஊர் என்று காட்டுகிற ஒரு துண்டும், பெயர் எழுதிய ஒரு துண்டும் உன்னிடம் இருக்கக்கூடாது. எட்டு வருடம் கழிந்தும் கை அவன் சொல்லைத்தான் கேட்டிருக்கிறது.

வெட்கத்தில் உடம்பெல்லாம் சுட்டது. நான் வரவில்லை, நீ போ என்று சிநேகிதிக்குச் சொன்னேன். அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. தேத்தண்ணியைக் குடித்து முடித்து, நாளைக்கு போன் எடு என்று என் தோளைத் தொட்டுவிட்டுப் போனாள்.

அம்மா கதவைச் சாத்திவிட்டு வந்து கட்டிலில் இருந்தார். "இப்ப சொல்லு."

சொன்னேன். அடைத்த அறையில் இரண்டு மாதம் இருந்தது, பாடமாக்கியது, மூன்று மேசைகள், அம்மாவின் கடிதத்தைக்கூடக் கிழித்து எறிந்தது, எல்லாம். அம்மா அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை.

"அந்தப் பாஸ்போட்டிலை இருந்த பிள்ளையின்ரை பேர் என்ன?"

சொன்னேன்.

"வடிவான பேர்தான்" என்றார். "ஆனா உன்ரை பேர் நான் வைச்சது."

எழும்பிப் போய் ஊசியும் சிவப்பு நூலும் எடுத்து வந்தார். பையின் வெளிப்பக்கத்தில், எவருக்கும் தெரிகிற இடத்தில், என் பெயரைத் தமிழில் தைக்கத் தொடங்கினார். தடித்த துணி, ஊசி இரண்டு முறை முறிந்தது. எழுத்துகள் ஏறியும் இறங்கியும் நின்றன. "இங்கிலிசிலை வேறை ஒரு மட்டையிலை நீ எழுது" என்றார். "இது என்ரை வேலை."

தைத்துக்கொண்டிருக்கும்போதே பாரிஸிலிருந்து மாமா போன் எடுத்தார். அம்மா கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் போனை இடுக்கிக்கொண்டு, தையலை விடாமல் கதைத்தார்.

"ஓம் தம்பி, மலை ஏறப் போறாள். இல்லை, அங்கை எங்களுக்கு ஒருத்தரும் இல்லை. கலியாணமும் இல்லை. சும்மா பாக்கப் போறாள்." நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். "பின்னை? அவளின்ரை சொந்தப் பேரிலைதான்."

அந்தக் குரலை நான் முன்னே பின்னே கேட்டதில்லை. என்னைப் பற்றி என் அம்மா பெருமை அடிக்கிறார். போனை அவர் வைத்ததும் நான் எடுத்துச் சிநேகிதியைக் கூப்பிட்டு, நானும் வருகிறேன் என்றேன்.

டொமினிக்காவின் விமான நிலையம் ஒரு பள்ளிக்கூட மண்டபம் அளவுதான். குடிவரவு மேசையில் இருந்த பெண், இங்கே உனக்கு யார் இருக்கிறார்கள் என்று கேட்டாள். எதற்கு வந்தாய் என்று கேட்டாள். இரண்டு கேள்விக்கும் எட்டாம் மாடியிலேயே பதில் சொல்லிப் பழகியிருந்தேன். கடவுச்சீட்டை நீட்டினேன். அவள் அதை விரித்துப் பார்த்தாள். என் பையின் சிவப்பு எழுத்துகளைப் பார்த்து, அது என்ன என்று கேட்டாள்.

"என் பெயர்" என்றேன்.