பதினொன்றரை மணி அமர்வில் ஒரு வளைகாப்பு

எங்கள் கல்லூரி செமினார் ஹாலில் என் மாமியாரைப் பார்த்தபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பெங்களூர் ஆஸ்டின் டவுனில் வீடு, மார்க்கெட், கோயில் என்று இருப்பவர் அவர். நான் இந்தக் கல்லூரியில் ஆங்கிலப் பாடம் நடத்த ஆரம்பித்து நான்கு வருடத்தில் கேட் பக்கம்கூட வந்ததில்லை. டீ குடித்துவிட்டு உள்ளே நுழைகிறேன், முதல் வரிசையில் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். மடியில் பித்தளைத் தட்டு. தட்டு நிறைய கண்ணாடி வளையல்.

அது நானூறு வருடத்துக்கு முன்னால் வாழ்ந்த ஓர் ஆங்கிலேயப் பெண் எழுத்தாளரைக் கொண்டாடும் கருத்தரங்கு. அவர் அதிகம் எழுதியவரில்லை. பிள்ளை உண்டாகியிருந்தபோது, பிரசவத்தில் பிழைக்க மாட்டோமோ என்ற பயத்தில், பிறக்கப்போகும் குழந்தைக்கு யாருக்கும் தெரியாமல் நீளமாக ஒரு கடிதம் எழுதித் துணிப்பெட்டியில் ஒளித்து வைத்தார். பயந்தபடியே நடந்தது. குழந்தை பிழைத்தது, அவர் பிழைக்கவில்லை. அந்தக் கடிதத்தைப் பற்றித்தான் என் பேப்பர். பதினொன்றரை மணிக்கு நான் படிக்க வேண்டும். எனக்கு அப்போது ஏழாம் மாதம்.

எனக்கும் அதே பயம் இருந்தது, அதை மறைப்பானேன். வீட்டில் ஒரு நாள் வாயைத் திறந்தேன். பாதி வாக்கியம் வருவதற்குள் மாமியார், "வாயைக் கழுவு முதல்ல" என்று சமையலறைக்குப் போய்விட்டார். ஹெப்பகோடி கம்பெனியில் ஷிஃப்ட் முடித்து வந்த என் கணவர் போனில் எதையோ தேடிப் படித்துவிட்டு, இந்தக் காலத்தில் அதெல்லாம் கிடையாது என்று சொல்லித் தூங்கிப்போனார். டாக்டர் அம்மா ரிப்போர்ட் நார்மல் என்று சொல்லி அடுத்த டோக்கனைக் கூப்பிட்டார். ரிப்போர்ட் நார்மல்தான், நான்தான் நார்மலாக இல்லை. நான் செத்துப்போனால் என்று தொடங்கும் ஒரு வாக்கியத்தை ஐந்து மாதமாக ஒருத்தரும் முடிக்க விடவில்லை. செத்துப்போன அந்த ஆங்கிலேயப் பெண் ஒருத்திதான் விட்டாள். பேப்பர் என்கிற சாக்கில் மைக் முன்னால் நின்று, அவள் சொன்னதாக, அதை ஒரு தடவையாவது சத்தமாகச் சொல்லிவிட வேண்டும் என்று இருந்தேன். ஆராய்ச்சியாவது ஒன்றாவது.

காலையில் குத்துவிளக்கு ஏற்றியாயிற்று, சிறப்பு விருந்தினருக்கு மைசூர் தலைப்பாகை வைத்தாயிற்று. எங்கள் துறைத்தலைவி மேடம் பெண்களின் வாயை உலகம் எப்படியெல்லாம் அடைத்தது என்று இருபது நிமிடம் பேசினார். நன்றாகவே பேசினார். எல்லோரையும்விட அதிகமாகக் கை தட்டியது நான்தான்.

மாமியாரைப் பார்த்து நான் நின்ற இடத்துக்கே மேடம் வந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். நான் அனுப்பிய பேப்பரை இரண்டு நாள் முன்னால்தான் முழுசாகப் படித்தாராம். அன்று தூக்கம் வரவில்லையாம். மறுநாள் என் வீட்டுக்கே போன் போட்டுவிட்டார். மாமியாருக்குக் கன்னடம் தண்ணீர் பட்ட பாடு. பேப்பரில் அமங்கலமான விஷயம் என்று மட்டும் மேடம் சொல்ல, இரண்டு பேரும் அரை மணி நேரம் பேசி முடிவு செய்துவிட்டார்கள். பதினொன்றரைக்கு எனக்கு வளைகாப்பு. அது முடிந்ததும் என் பேப்பரைத் துறையில் இன்னும் கல்யாணம் ஆகாத தோழி ஒருத்தி படிப்பாள். சர்டிஃபிகேட் என் பெயரிலேயே வரும், கவலைப்பட வேண்டாம்.

நான் படித்தே தீருவேன் என்றேன். "பேடம்மா, பேட", வேண்டாம்மா வேண்டாம் என்று மேடம் கன்னடத்தில் கெஞ்சினார். வயிற்றில் பிள்ளையை வைத்துக்கொண்டு அந்த வார்த்தைகள் என் வாயிலிருந்து வரக் கூடாதாம். சொல்லும்போது அவருக்குக் கண் கலங்கியிருந்தது. படிப்பது ராமாயணம், இடிப்பது பெருமாள் கோயில் என்பார்கள். இப்படி அழுதுகொண்டே இடிப்பவரை நான் அன்றுதான் பார்த்தேன்.

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மேடையில் அந்த எழுத்தாளரின் பெயர் போட்ட ஃபிளெக்ஸுக்குக் கீழே நாற்காலி போட்டு என்னை உட்கார வைத்தார்கள். மாமியார் கன்னத்தில் சந்தனம் பூசி முதல் வளையலை ஏற்றினார். அடுத்து மேடம். அப்புறம் பேராசிரியைகள் வரிசையாக வந்தார்கள். பெண் உடலும் அதிகாரமும் என்று காலையில் கட்டுரை படித்தவர் திருஷ்டி கழித்தார். ஆண்கள் போட்டோ எடுத்தார்கள். எல்லாப் போட்டோவிலும் நான் சிரித்திருக்கிறேன். ஒருவருக்காவது கெட்ட எண்ணம் இருந்திருந்தால் எழுந்து கத்தியிருப்பேன். அத்தனை பேரும் அன்பாகச் செய்ததால் வாயடைத்துப் போய் உட்கார்ந்திருந்தேன்.

அதோடு விட்டார்களா? பேப்பர் என் காதிலும் விழக் கூடாது என்று என்னை வராந்தா பெஞ்சில் கொண்டுபோய் உட்கார வைத்துக் கதவைச் சாத்தினார்கள். துணைக்கு மாமியார். காவலுக்கு என்றும் சொல்லலாம். மைக் வைத்திருக்கும்போது கதவு என்ன செய்யும்? தோழி என் வாக்கியங்களை ரயில்வே அறிவிப்பு மாதிரி வாசிப்பது நன்றாகவே கேட்டது. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் எனக்கு ஆத்திரம் ஏறியது.

"உள்ள என்ன படிக்கிறா அந்தப் பொண்ணு?" என்றார் மாமியார். அவருக்கு ஆங்கிலம் தெரியாது.

பழி வாங்குவதாக நினைத்துக்கொண்டு நான் சொன்னேன். பேப்பர் முழுவதையும் தமிழில், ஒன்று விடாமல். அவள் வயிற்றைத் தடவிக்கொண்டு ராத்திரியில் எழுதியதை, பெட்டியில் ஒளித்ததை, குழந்தைக்கு என்னென்ன சொல்லித் தர வேண்டும் என்று கேட்டுக்கொண்டதை, பிள்ளை பெற்ற ஒன்பதாம் நாள் ஜுரத்தில் போனதை. வாயைக் கழுவு என்று சொல்லட்டும், அப்போது கேட்டுக்கொள்கிறேன் என்று அவர் முகத்தையே பார்த்துச் சொன்னேன்.

அவர் வாயைக் கழுவச் சொல்லவில்லை. "லெட்டரு அந்தப் புள்ள கைக்குப் போய் சேந்துச்சா?" என்று கேட்டார்.

"சேந்துச்சு அத்தை."

"எனக்கு எழுத வராது" என்றார். அடுகோடியில் வாடகைக்கு இருந்த காலம், ஊரில் சொந்தம் என்று ஒருத்தரும் இல்லை, அவருக்கு அப்போது ஒன்பதாம் மாதம். "பக்கத்து வூட்டு பாய் சம்சாரம், அந்த பாபிகிட்ட சொல்லி வெச்சேன். ஆம்பளப் புள்ளைன்னா இந்தப் பேரு, பொம்பளப் புள்ளைன்னா இந்தப் பேரு. நான் இல்லன்னா, நீ வந்து சொல்லி அந்தப் பேரையே வெக்கச் சொல்லுன்னேன். அது குரான் மேல சத்தியம் பண்ணுச்சு."

காலையிலிருந்து பட்ட அதிர்ச்சியெல்லாம் ஒன்றுமில்லை என்று ஆகிவிட்டது. அவர் சொன்ன அந்த ஆண் பிள்ளைப் பெயர்தான், கல்யாணமான நாளிலிருந்து என் கணவரை நான் கூப்பிடும் பெயர். சண்டையில் கத்திக் கூப்பிட்டிருக்கிறேன், கடைத்தெருவில் கூப்பிட்டிருக்கிறேன். செத்துப்போவோம் என்று பயந்த ஒரு பெண் பக்கத்து வீட்டில் ஒப்படைத்து வைத்திருந்த பெயர் அது என்று எனக்குத் தெரியாது. மாமாவுக்குத் தெரியுமா என்று கேட்டேன். யாருக்கும் தெரியாது என்றார்.

"அப்ப என்னை ஏன் அத்தை வாயைக் கழுவச் சொன்னீங்க?"

"பயமா இருந்துச்சு. நீ சொன்னதும் எனக்குத் திரும்ப வந்துருச்சு."

உள்ளே கை தட்டினார்கள். என் பேப்பர் முடிந்திருக்க வேண்டும். மாமியார் மடியிலிருந்த தட்டை இறக்கித் தரையில் வைத்துவிட்டு என் பக்கம் திரும்பி உட்கார்ந்தார்.

"நீ யார்கிட்டயாவது சொல்லி வெச்சிருக்கியா?"

இல்லை என்றேன்.

"எங்கிட்ட சொல்லு."

வளையல் சத்தம் போடாமல் கையை வயிற்றின் மேல் வைத்துக்கொண்டேன். "நான் செத்துப்போயிட்டா அத்தை" என்று தொடங்கினேன். எல்லோரும் வழக்கமாக நிறுத்தும் இடத்தில் நானே நின்றேன்.

அவர் எழுந்து போகவில்லை. "ம்" என்றார். "அப்புறம்?"