வருஷ அண்ணி

தோளில் காய்ந்துபோன பால் கக்கலை நகத்தால் சுரண்டிக்கொண்டே, அலுவலகத்துக்கு ஓடும் இளசுகளை மோவாயால் காட்டுகிறாள் லியாவ் சுன்யு. "அவங்கல்லாம் வெள்ளைக் காலரு. நாம புளிச்ச காலரு." தள்ளுவண்டிகளோடு வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் ஆயாக்கள் ஐந்து பேரும் குலுங்கிச் சிரிக்கிறார்கள். வாசல் காவல்காரர் வெய் சிரிப்பதில்லை. உதட்டை அசைத்து அந்தச் சொல்லை ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொள்கிறார். சாயங்காலத்துக்குள் எங்கள் குடியிருப்பின் ஏழு கட்டடங்களுக்கும் அது போய்ச் சேர்ந்துவிடும்.

லியாவுக்கு ஐம்பத்து மூன்று வயது. குட்டையான உருவம், குழந்தைகளின் தலையைத் தாங்கித் தாங்கி வீங்கிய மணிக்கட்டுகளில் எப்போதும் பட்டைத்துணி. பக்கத்தில் வந்தால் இஞ்சி மணக்கும். எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் சமையலறைக்குள் நுழைந்து பானையின் மூடியை முகர்ந்து பார்ப்பாள். முதல் நாள் கொதித்த பன்றிக்கால் சூப்பின் வாடை அதில் இருந்தால், அன்றைக்கு அவள் வாய்க்கு மூடி கிடையாது, வீட்டில் எல்லாருக்கும் அர்ச்சனைதான்.

அவள் வேலைக்குப் பெயர் மாத அண்ணி. பிள்ளை பெற்றவளையும் பிள்ளையையும் முதல் ஒரு மாதம் வீட்டோடு தங்கிப் பார்த்துக்கொள்பவள். பெற்றவள் அந்த மாதம் முழுக்கப் பச்சைத் தண்ணீரைத் தொடக் கூடாது, காற்றுப் படக் கூடாது, அழக் கூடாது. தாமரைக்கிழங்கும் விலாவெலும்பும் போட்ட சூப்பை மூன்று வேளையும் குடிக்க வேண்டும். நான் குடித்தேன். மூன்று வருஷத்துக்கு முன் என் மகன் பிறந்தபோது என்னைப் பார்த்துக்கொண்டவள் இவள்தான்.

சொற்களை அவள் உண்டாக்குவதில்லை. ஊரெல்லாம் புழங்கும் ஒன்றை எடுத்து, ஒரு பாதியைக் கழற்றிவிட்டு வேறு பாதியை மாட்டுவாள், தலையணைக்கு உறை மாற்றுகிறமாதிரி. மாத அண்ணி ஒருத்தி இருந்தால், விடுப்பு எடுத்துக்கொண்டு வீட்டில் நின்று "துண்டு எங்க இருக்கு?" என்று கேட்கும் புருஷன் மாத அண்ணன். பின்னாலேயே வந்து எட்டிப் பார்க்கும் மாமியார் மாத இன்ஸ்பெக்டர். பொழுது சாய்ந்ததும் ஓய்வுபெற்ற பெண்கள் பாட்டுப் பெட்டியோடு ஆடுவது சதுக்க நடனம் என்றால், பிள்ளையைத் தோளில் போட்டு இவள் ஆடுவது ஏப்ப நடனம். மின்தூக்கி கெட்ட நாளில் தள்ளுவண்டியை ஒன்பதாவது மாடிக்குத் தூக்கிப் போகும்போது, "பிளேன்ல போறவங்க வான அக்கா. நான் படி அக்கா, வழி விடுங்க!" என்று கத்திக்கொண்டே ஏறினாள்.

எங்கள் மொழிக்கே உள்ள விளையாட்டு இது. விமானத்தில் தேநீர் கொடுக்கும் கன்னிப் பெண்கள் வான அக்காக்கள் ஆனார்கள். கல்யாணமானவர்களையும் அந்த வேலைக்கு எடுத்தபோது யாரோ வான அண்ணி என்றார்கள். அதற்கப்புறம் வந்த அண்ணிகளுக்குக் கணக்கே இல்லை. எது எதைப் பார்த்துப் பிறந்தது என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் ஓர் அண்ணி எப்படிப் பிறந்தாள் என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும். அதற்கு நான்தான் பிரசவம் பார்த்தேன்.

மூன்றாம் கட்டடத்தில் ஒரு வீட்டுக்கு லியாவ் ஒரு மாதத்துக்கென்று போயிருந்தாள். பிள்ளை குப்புற விழும்வரை இருங்கள் என்றார்கள். பிறகு உட்காரும்வரை. பிறகு பல் முளைக்கும்வரை. "மாச அண்ணின்னு உள்ள போனேன், வருஷ அண்ணி ஆயிட்டேன்," என்றாள் பெஞ்சில். "இன்னும் கொஞ்சம் விட்டா நூற்றாண்டு அண்ணின்னு சிலை வெப்பாங்க." நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். அத்தோடு நிற்காமல், இதே பத்திரிகையின் ஓரத்தில் நான்கு வரியில் எழுதியும் போட்டேன். வாசகர்கள் ரசித்துக் கடிதம் போட்டார்கள். நீங்களும் போட்டிருக்கலாம்.

இரண்டு மாதம் கழித்து, அவளை வேலைக்கு அனுப்பும் ஏஜென்சியின் வாசலில் புதுப் பலகை தொங்கியது. 'வருஷ அண்ணி: பன்னிரண்டு மாதம், ஒரே கை, விடுப்பு இல்லை.' கீழே என் நான்கு வரிகள் கண்ணாடி போட்டு மாட்டப்பட்டிருந்தன. ஏஜென்சிக்காரி ஃபூ மேடம் லியாவைத்தான் முதலில் கூப்பிட்டாள். "உங்க வார்த்தைதானே, நீங்களே ஆரம்பிச்சு வையுங்க." வீடு வீடாகப் பை தூக்குவது மிச்சம் என்று லியாவும் கையெழுத்துப் போட்டாள். "நான் தச்ச சட்டை எனக்கே பத்தாம போயிடுமா, டீச்சரம்மா?" என்று என்னிடம் சிரித்தாள். ஒன்பதாவது மாடியில் தாவோ வீட்டில் பிறந்த குழந்தையோடு அவள் வருஷம் தொடங்கியது.

எட்டாவது வாரம் அவள் மகளிடமிருந்து சேதி வந்தது. முழுகாமல் இருக்கிறாள்.

மகள் பெயர் சியாவ்மான். அவளுக்கு ஏழு வயதாக இருக்கும்போது ஊரில் விட்டுவிட்டு லியாவ் வேலைக்காக இந்த ஹான்கோ நகரத்துக்குப் பஸ் ஏறினாள். பிறந்தநாளுக்கு வர முடியாது, பள்ளிக்கூட விழாவுக்கு வர முடியாது. ஒவ்வொரு முறையும் ஒரே சமாதானம்தான் சொல்லி வந்தாள்: "உனக்குப் பிள்ளை பொறக்கறப்ப உன் மாசத்த நான்தான் பாப்பேன். வேற யார் கையும் படாது." அறுபத்தொரு பேரின் மாதத்தை அவள் பார்த்திருக்கிறாள். அறுபத்திரண்டாவது மாதத்துக்கு மட்டும் நாள் குறித்து வைத்திருந்தாள். மகளுக்கு மாமியாரும் இல்லை. ஏழு தடவை அலசி மெத்தென்று ஆக்கிய பருத்தித் துணிகளைத் தன் பையின் அடியில் வைத்திருந்தாள். எனக்குக் காட்டியிருக்கிறாள்.

ஒரு மாதம் விடுப்புக் கேட்டாள். தாவோ வீட்டுப் பெண்ணுக்குக் கண் கலங்கிவிட்டது. நல்ல பெண்தான். "உங்க கை இல்லேன்னா இவ தூங்கவே மாட்டாளே, அண்ணி," என்றாள். மாமியாருக்குக் கண் கலங்கவில்லை. "மாசக் கணக்குல லீவு கேக்க நீங்க மாச அண்ணி இல்லையேம்மா. நீங்க வருஷ அண்ணி. பேர்லயே இருக்குதே." ஃபூ மேடமும் அதையே கொஞ்சம் இனிப்புக் கலந்து சொன்னாள். பாதியில் போகிறவர்களின் பயிற்சிச் சான்றிதழ் அவள் மேசைக்குள்ளேயே தங்கிவிடும். மற்ற ஏஜென்சிகளுக்கும் பெயர் போய்விடும். ஐம்பத்து மூன்று வயதில் அதன் பிறகு எந்த வீட்டுக் கதவும் திறக்காது.

நான் ஃபூ மேடத்திடம் போய் நின்றேன். அது வேடிக்கைக்குச் சொன்ன சொல் என்றேன். "எவ்வளவு நல்லா இருக்கு பாருங்க, இந்த வருஷம் நாப்பது வீட்டுல கேட்டிருக்காங்க," என்று எனக்கு நன்றி சொன்னாள்.

துணிகள் கூரியரில் ஊருக்குப் போயின. பேரன் பிறந்தான். மருமகன் நான்காம் நாளே தொழிற்சாலைக்குத் திரும்பிவிட்டான்.

மறுநாள் காலை பத்து மணி. தாவோ குழந்தை லியாவின் மடியில் தூங்குகிறது. சுற்றிலும் வழக்கமான ஐந்து பேர், வெய், நான். லியாவ் கைபேசியைத் தள்ளுவண்டியின் கைப்பிடியில் சாய்த்து மகளைக் கூப்பிட்டாள். திரையில் முகம் தெரியவில்லை. குழாயடியும், ஈரத்தில் சிவந்துபோன இரண்டு கைகளும் தெரிந்தன. சியாவ்மான் குழந்தைத் துணி அலசிக்கொண்டிருந்தாள்.

"தண்ணியத் தொடாதடி! அஞ்சு நாள் ஆகல, பச்சத் தண்ணியில கைய வைக்கறியே! மூட்டுக்குள்ள எறங்கிடும். ஆயுசுக்கும் விடாது. யாரையாவது கூப்பிடு!"

"யாரக் கூப்பிட?" குரல் உயரவில்லை. "ஊருல எல்லாருக்கும் மாச அண்ணி இருக்காங்க. வருஷ அண்ணி இருக்காங்க. எனக்கு வாய்ச்சது நிமிஷ அம்மா. பேசி முடிச்சிட்டியா? வெக்கட்டுமா?"

எப்போதும் சிரிக்காத வெய் இந்த முறை சிரித்துவிட்டார். தாயின் விளையாட்டை மகளும் ஆடுகிறாள் என்று நினைத்திருப்பார். பிறகு எல்லார் முகத்தையும் பார்த்துவிட்டு வாசலுக்குப் போய்விட்டார். ஆயாக்கள் தத்தம் தள்ளுவண்டிகள் பக்கம் குனிந்துகொண்டார்கள். அந்த ஐந்து பேருக்கும் ஊரில் பிள்ளைகள் உண்டு.

ஆனாலும் சொல் நிற்கவில்லை. ஒரு வாரத்தில் பெஞ்சில் ஒருத்தி கைபேசியை எடுத்தால் மற்றவள், "நிமிஷ அம்மா டூட்டிக்குப் போறா," என்றாள். சிரிப்பும் வந்தது. லியாவ் அதற்குச் சிரிக்கவுமில்லை, அதற்கப்புறம் எந்தச் சொல்லுக்கும் உறை மாற்றவுமில்லை.

போன வியாழக்கிழமை பத்து மணிக்கு, தள்ளுவண்டியோடு என் வீட்டுக் கதவைத் தட்டினாள். கையில் ஒரு பையில் ஏழு முட்டைகள். "டீச்சரம்மா, உங்க அடுப்பு அரை மணி நேரம் வேணும். அங்க செஞ்சா எதுக்குன்னு கேப்பாங்க." பேரனுக்கு அன்றைக்கு மாதம் நிறைகிறது; தெரிந்தவர்களுக்குச் சிவப்பு முட்டை பங்கிடும் நாள். முட்டைகளை அவித்து, சிவப்புச் சாயத்தில் ஒவ்வொன்றாக உருட்டி, தட்டில் ஆறவிட்டாள். பெஞ்சுக்காரர்களுக்கு ஐந்து, வெய்க்கு ஒன்று. ஏழாவதை என் கையில் வைத்தாள்.

"என்னைப் பத்தி மறுபடி எழுதப் போறீங்க, தெரியும்," என்றாள். "எழுதுங்க. ஆனா நாலு வரியில எழுதாதீங்க. வார்த்தைய மட்டும் பிச்சுக்கிட்டுப் போகாதீங்க."

கூடத்தில் தாவோ குழந்தை விழித்துக்கொண்டு அழுதது. இரண்டு கையையும் நீட்டியது. லியாவ் அவசரமாகத் திரும்பி, பாதி வழியில் நின்று, தன் விரல்களைப் பார்த்தாள். பத்தும் சிவப்பு. குழந்தையின் வெள்ளைச் சட்டையில் பட்டால் மேலே போய்த் தாவோ வீட்டு மாமியாருக்குப் பதில் சொல்ல வேண்டும். "வந்துட்டேன்டா செல்லம், வந்துட்டேன்," என்று சொல்லிக்கொண்டே குழாயைத் திறந்து, பனிக்காலத்துப் பச்சைத் தண்ணீரில், சாயத்தின் சுவடே இல்லாமல் போகும்வரை நகம் நகமாகத் தேய்த்துக் கழுவினாள்.