லென்ஸின் மேல் போட்ட பழி

யார் வீட்டுக்குப் போனாலும், சுவரில் மாட்டியிருக்கும் குழந்தைப் படங்களில் நான் முதலில் பார்ப்பது கண்களைத்தான். இரண்டும் ஒரே மாதிரி இருக்கின்றனவா என்று பார்த்த பிறகுதான் யார் ஜாடை என்று கேட்கவே வாய் வரும். இத்தனை வருஷமாகியும் இந்தப் பழக்கம் போகவில்லை.

எண்பதுகளின் கடைசியில் நாங்கள் கொரட்டூரில் குடியிருந்தோம். நான் வங்கி எழுத்தர். என் மனைவி இயற்பியல் படித்தவள். அம்பத்தூர் தொழிற்பேட்டையில், பள்ளிக்கூட மைக்ராஸ்கோப்புகளுக்கு லென்ஸ் செய்யும் சின்னக் கம்பெனி ஒன்றில், தரம் பார்க்கும் பிரிவில் வேலை செய்தாள். எங்களுக்கு ஒரே மகள். மூன்று வயது நிரம்பவில்லை.

துபாயிலிருந்து திரும்பியவர் ஒருவரிடம் பழைய கேமரா ஒன்றை ஃபிளாஷோடு வாங்கியிருந்தேன். அந்தக் கிறிஸ்துமஸுக்கு மகளை நிற்க வைத்து, உட்கார வைத்து, தூக்கிப் போட்டுப் பிடித்துப் படம் எடுத்துத் தள்ளினேன். பாதி ஃபிலிம் ரோல் முடிவதற்குள் பொறுக்க முடியாமல் இன்னொரு ரோலும் வாங்கி வைத்தேன்.

முதல் ரோலைக் கழுவக் கொடுத்த ஸ்டூடியோவில், பெரிதாக்கிய ஒரு படத்தையும் சின்னப் படங்களையும் உறையில் போட்டுக் கொடுத்தார்கள். "சார், ரெண்டு மூணு படத்துல பாப்பாவோட எடது கண்ணுல வெள்ளையா விழுந்துகீது. பெரிய படத்துல நானே கறுப்பு வெச்சு டச் பண்ட்டேன். லென்ஸ்ல இன்னாவோ கோளாறு, பாத்துக்கோங்க" என்றார் கடைக்காரர். நான் நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

பெரிய படத்தைப் பார்த்ததும் மனைவியின் முகம் மாறியது. "கண்ணுல மை வெச்சிருக்காங்களே, ஏன்?" என்றாள். ஸ்டூடியோக்காரர் சொன்னதைச் சொன்னேன். சின்னப் படங்களை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். வலது கண்ணில் ஃபிளாஷின் சிவப்பு. இடது கண்ணின் நடுவில், பாலைச் சொட்டியதுபோல் ஒரு வெண்மை.

அன்று அவள் அண்ணன் குமணன்சாவடியிலிருந்து தன் மகனோடு வந்திருந்தார். லாரிகளுக்கு உதிரி பாகம் விற்பவர். எதையும் பிரித்துப் பார்க்கும் ஆர்வம் உண்டு. "கேமராவைக் குடு மச்சான், இன்னா வியாதின்னு பாத்துடலாம்" என்றார்.

"நீ தொடாதேண்ணா" என்று கேமராவைத் தன் கையில் வாங்கிக்கொண்டாள் மனைவி. ஜன்னல்களைச் சாத்தச் சொன்னாள். லென்ஸைக் கேமராவிலிருந்து கழற்றி, வெளிச்சத்தை உள்ளே விடும் அதன் உள்வளையத்தை முழுதாகத் திறந்து வைத்து, பின்பக்கத்திலிருந்து டார்ச்சைச் சாய்வாக அடித்தாள். நேராக அடித்தால் வெளிச்சம்தான் தெரியும், சாய்த்தால்தான் கண்ணாடிக்குள் இருப்பது தெரியும் என்பது அவள் தினமும் செய்யும் வேலையில் கற்றது. மெதுவாகத் திருப்பிக்கொண்டே வந்தாள். ஓரிடத்தில் நிறுத்தி எனக்குக் காட்டினாள். உள்ளே ஊசிமுனை அளவுக்குக் காற்றுக் குமிழ். கொஞ்சம் தூசி. ஓரமாக, சிலந்தி நூலை நறுக்கி ஒட்டியதுபோல் வெள்ளையாக ஒன்று.

"பூஞ்சை" என்றாள்.

"பாத்தியா!" என்று துள்ளினார் மைத்துனர். "உள்ள காளான் மொளச்சிகீது மச்சான். துபாய்க்காரன் உன் தலையில நல்லாக் கட்டிட்டான். புடுங்கிக் கொளம்பு வெச்சிடலாம்."

நான் சிரித்தேன். அப்படி ஒரு நிம்மதி. வாங்கிய பொருள் சொத்தை என்று தெரிந்து அவ்வளவு சந்தோஷப்பட்டவன் ஊரிலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

அவள் சிரிக்கவில்லை. லென்ஸைக் கீழே வைக்கவும் இல்லை. மிச்ச வட்டத்தையும் திருப்பி முடித்தாள். முடித்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"குறை இருக்குங்க. ஆனா படத்துல விழுந்த வெள்ளை இதால இல்லை."

"அதான் கண்ணுக்கு நேராத் தெரியுதே" என்றேன்.

"லென்ஸுக்குள்ள இருக்கற தூசியும் குமிழும் படத்துல புள்ளியா விழாதுங்க. மொத்தப் படமும் கொஞ்சம் வெளிறிப் போகும், அவ்வளவுதான். பூஞ்சை இவ்வளவு கொஞ்சமா இருந்தா அதுகூடத் தெரியாது. அது எப்படிங்க, தேடிப் போய் ஒரு புள்ளையோட ஒரு கண்ணுல மட்டும் விழும்?"

என் குரல் உயர்ந்தது. அவள் வேண்டுமென்றே என்னைப் பயமுறுத்துவதாகத் தோன்றியது. ஒரு குறை கண்ணெதிரே இருக்கிறது. அதன் மேல் பழியைப் போட்டுவிட்டு எல்லோரும் சாப்பிட உட்காரலாம். பெற்ற தாய் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ள வேண்டாமா? இன்று நினைத்தால் ஆச்சரியமாக இருக்கிறது. என்னைவிட அவளுக்கு அந்தப் பழி தேவைப்பட்டிருக்கும். ஆனால் தரம் பார்க்கும் மேஜையில் ஒரு குறை கண்டதும் தேடுவதை நிறுத்திவிடுகிறவர்களிடம்தான் அடுத்த குறை தப்பிப் போகும் என்று அவளுக்குத் தெரியும். தன் குழந்தை விஷயத்தில் அந்தக் கண்டிப்பைத் தளர்த்திக்கொள்ளாமல் இருக்க எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும்!

"புது ரோலை மாட்டுங்க" என்றாள். மகளையும் அண்ணன் மகனையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்தாள். ஒரு படம். இருவரையும் இடம் மாற்றி ஒரு படம். பிறகு கேமராவைத் தலைகீழாகப் பிடித்து அதேபோல் எடுக்கச் சொன்னாள். கோளாறு கேமராவில் இருந்தால் வெள்ளையும் இடம் மாறும் என்றாள்.

"கேமராவத் தலகீழாப் புடிச்சு போட்டோ புடிச்ச ஊடு இது ஒண்ணுதான்" என்றார் மைத்துனர். அப்போது அவர் குரலிலும் கேலி குறைந்திருந்தது.

அந்த ரோலைக் கழுவக் கொடுக்கும்போது, எந்தப் படத்திலும் கை வைக்க வேண்டாம் என்று கடைக்காரரிடம் சொல்லச் சொன்னாள். நான் போய்ச் சொன்னேன். படங்கள் வந்தன. எங்கே உட்கார்ந்திருந்தாலும், கேமரா எப்படி இருந்தாலும், பையனுக்கு இரண்டு கண்ணும் சிவப்பு. எங்கள் மகளுக்கு இடது கண் வெள்ளை. ஒன்றில் கொஞ்சம் மங்கலாக, மற்றவற்றில் பளிச்சென்று.

மனைவி மகளை மடியில் வைத்து, கண்ணாமூச்சி ஆடுவதுபோல் இடது கண்ணை உள்ளங்கையால் மூடினாள். குழந்தை சிரித்துக்கொண்டே இருந்தது. வலது கண்ணை மூடினாள். குழந்தை அவள் கையைப் பிடித்துத் தள்ளி வீறிட்டது. கையை எடுத்ததும் மறுபடி சிரித்தது.

மறுநாள் காலை நகரத்துக் கண் ஆஸ்பத்திரியில் இருந்தோம். சொட்டு மருந்து விட்டுப் பார்த்த டாக்டரம்மா எங்களை உட்காரச் சொன்னார். விழித்திரையில் கட்டி. குழந்தைகளுக்கு வருவது. அந்தக் கண்ணில் பார்வை ஏற்கெனவே போய்விட்டது. கட்டி கண்ணுக்குள்ளேயே இருந்தால் கண்ணை எடுத்துவிட்டு உயிரைக் காப்பாற்றலாம். நரம்பு வழியாக வெளியே போயிருந்தால் எதுவும் சொல்ல முடியாது. எனக்குக் காதுக்குள் மின்விசிறி ஓடுவதுபோல் இருந்தது. அதற்குமேல் அவர் பேசியது எதுவும் எனக்கு ஏறவில்லை.

மனைவி பேசியது மட்டும் ஏறியது. "வலது கண்ணையும் உள்ள முழுசாப் பாத்தீங்களா டாக்டர்?"

டாக்டரம்மா அதையும் சீட்டில் குறித்துக்கொண்டார். "மயக்கம் குடுத்தாத்தான் முழுசாப் பார்க்க முடியும்மா. கண்டிப்பாப் பார்க்கிறோம்" என்றார்.

ஆபரேஷன் நடந்தது. வலது கண்ணில் ஒன்றும் இல்லை என்று அன்றே சொன்னார்கள். எடுத்த கண்ணைப் பரிசோதனைக்கு அனுப்பியிருந்தார்கள். அதன் முடிவு வரும்வரை நான் வராந்தாவில் நடந்துகொண்டே இருந்தேன். யார் எது சொன்னாலும் எரிந்து விழுந்தேன். அவள் குழந்தைக்குச் சோறு ஊட்டினாள், கதை சொன்னாள், பக்கத்துக் கட்டில்காரிக்கு வெந்நீர் வாங்கிக் கொடுத்தாள். அழவில்லை. நரம்பு சுத்தமாக இருக்கிறது, கட்டி வெளியே போகவில்லை என்று டாக்டரம்மா வந்து சொன்னபோதும் அழவில்லை. தலையை மட்டும் ஆட்டினாள்.

வீட்டுக்குத் திரும்பும் பஸ்ஸில் அவளுக்கு இடம் கிடைத்தது. நான் பக்கத்தில் கம்பியைப் பிடித்து நின்றேன். கட்டுப் போட்ட மகள் அவள் மடியில். பஸ் பாடி நிறுத்தத்தைத் தாண்டும்போது அவள் தோள் குலுங்குவதைப் பார்த்தேன். சத்தமே வராமல் அழுதாள்.

பக்கத்தில் பூக்கூடையோடு உட்கார்ந்திருந்த அம்மாள் அவள் தொடையைத் தட்டினாள். "இன்னாமே, புள்ள கண்ணுக்கு இன்னா ஆச்சி?"

"கண்ணு போயிடுச்சுக்கா" என்றாள் என் மனைவி. மூச்சு வாங்கிவிட்டுச் சொன்னாள்: "புள்ள நல்லா இருக்கா."

"நல்லா கீற புள்ளைக்கா இப்டி அழுவுற? மூஞ்சத் தொடச்சிக்கோ. தோ பாரு, ஒத்தக் கண்ணு வெச்சிகினு என் கூடையவே மொறைக்குது, திருட்டுக் குட்டி!"

மகள் உண்மையாகவே அந்தக் கூடையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.